படிக்கட்டுக்கு ஒரு பலகை

மனித குலத்தை இன்றுவரை காப்பாற்றி வருவது நெருப்பு அல்ல, சக்கரம் அல்ல, மருந்து மாத்திரையும் அல்ல, பலகை. பள்ளம் இருக்கும் இடத்தில் ‘பள்ளம் உள்ளது’ என்று முதன்முதலில் எழுதி வைத்த மகான் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு சிலை வைத்து, பக்கத்திலேயே ‘சிலை உள்ளது, மோதாதீர்’ என்று ஒரு பலகையும் நட்டிருக்கலாம்.

பள்ளத்தை மூட யாராலும் முடியும். நாலு கூடை மண் போதும், மூளை தேவையில்லை. பள்ளத்தைப் பள்ளமாகவே பராமரித்துக்கொண்டு, மக்களையும் காப்பாற்றுவதற்குத்தான் மூளை வேண்டும். அந்த மூளைகள் எல்லாம் ஒன்றாகக் கூடி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தேநீர் குடித்துச் சிந்திக்கும் இடத்துக்குப் பொது எச்சரிக்கைத் துறை என்று பெயர்.

துறையின் கொள்கை எளிமையானது. பலகை வைப்பதற்கு முன்னால் ஒருவர் விழுந்தால் அது விபத்து. பலகை வைத்த பிறகு விழுந்தால் அது ‘மீறல்’. விபத்துக்குத் துறை பொறுப்பு. மீறலுக்கு விழுந்தவர் பொறுப்பு. இந்தக் கொள்கை வந்த பிறகு விபத்துகள் அடியோடு ஒழிந்துவிட்டன. மீறல்கள்தான் பெருகிக்கொண்டே போகின்றன. ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லையென்றால் துறை என்ன செய்யும், பாவம்!

இத்தகைய துறையில் பலகைகளுக்கு வாசகம் எழுதுபவர்தான் நம்முடைய ஆள். அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘வாசகத்தார்’ என்றுதான் அழைத்தார்கள். ‘பள்ளம் உள்ளது, பார்த்துச் செல்லவும்’ என்றிருந்ததை ‘பார்த்துச் செல்லவும், பள்ளம் உள்ளது’ என்று மாற்றி அமைத்தவர் அவர். விழுவதற்கு முன்னால் ஒரு குடிமகன் முதலில் படிப்பது மரியாதையான சொல்லாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வாதம் பல கூட்டங்கள் நடந்தது. முடிவதற்குள் பள்ளம் அகலமாகிவிட்டதால், பலகையைக் கொஞ்சம் தள்ளி நட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரின் வீட்டில்தான் ஒரு குழந்தை தவழ ஆரம்பித்தது.

அதுவரை அந்தப் பெண் குழந்தை நல்ல பிரஜையாக இருந்தது. போட்ட இடத்தில் கிடந்தது, கொடுத்ததைக் குடித்தது, மேலே சுழலும் மின்விசிறியை மரியாதையோடு பார்த்தது. திடீரென்று ஒருநாள் குப்புற விழுந்து, முழங்காலை ஊன்றி, ‘எனக்கு இந்த வீட்டைச் சுற்றிக் காட்ட யாரும் வேண்டாம்’ என்கிற முகத்தோடு கிளம்பிவிட்டது. செருப்பைக் கண்டால் செருப்பு வாயில். துடைப்பத்தைக் கண்டால் துடைப்பம் வாயில். அப்பாவின் அலுவலக அடையாள அட்டையை மென்று, அவருடைய புகைப்படத்தில் மூக்கை இல்லாமல் செய்துவிட்டது.

அவர்கள் இருந்தது மாடி வீடு. தெருக் கதவைத் திறந்தால் நேராகப் படி. படி ஏறி வந்தால் கூடத்தின் மூலை. படியின் மேல்முனையில் இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடிக் கம்பி உண்டு. நடுவில் ஒன்றுமில்லை. கட்டியவர் அங்கே ஒரு கதவு வைக்க மறந்துவிட்டார், குடியிருந்தவர்களும் கேட்க மறந்துவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை வாசகத்தாரின் மனைவி போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் குழந்தையின் தலை முதல் படிக்கு மேலே தொங்குகிறது. ஒரு கை காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போர்வை எங்கே போனதோ, அவள் எப்படிப் போனாளோ, கவுனின் பின்பக்கம் கையில் சிக்கிவிட்டது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சுற்றுலாவைப் பாதியில் நிறுத்திவிட்டார்களே என்று குழந்தையும் அழுதது.

சாயங்காலம் வாசகத்தார் வந்ததும் வராததுமாக அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும். அதுக்குள்ள இந்தப் படிக்கு ஒரு கதவு வேணும்.”

“கதவா?” என்றார் வாசகத்தார். ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்த முகம்.

“சின்னக் கதவுங்க. இடுப்பு உயரம்கூட வேணாம். அவ தலை தாண்டாம இருந்தா போதும்.”

“கதவுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? எச்சரிக்கை தோத்துப் போச்சுன்னு நாமே எழுதிக் கொடுக்கிற மாதிரி.”

“நீங்க எதையும் எழுதிக் கொடுக்க வேணாம். கதவை மட்டும் போடுங்க.”

அவள் ஒரு கண் பரிசோதனை நிலையத்தில் பார்வை அளப்பவள். இருட்டறையில் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் வெளிச்சமாகத் தெரியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவது வேலை. கலங்கலாகத் தெரிந்த கடைசி வரி பளிச்சென்று தெரிந்ததும் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். பிரசவ விடுப்பை நீட்டி நீட்டி, இனி நீட்ட முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை வரவில்லையென்றால் அந்த நாற்காலிப் பக்கத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாசகத்தாருக்கோ மறுநாள் முதல் ‘வீட்டிலிருந்தே பணி’ என்கிற நவீன வரம் கிடைத்திருந்தது. வாசகம் எழுதுவதற்குப் பள்ளத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதைத் துறை ரொம்ப காலத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. ஆகவே பகலில் குழந்தைக்கு அவர்தான் பொறுப்பு.

“கதவு இல்லாம இவளை உங்ககிட்ட விட்டுட்டுப் போக என் மனசு கேக்காது. வேலையையும் விட எனக்கு மனசு இல்ல. நாலு நாள் இருக்கு. யோசிச்சுக்கோங்க” என்றாள் மனைவி.

வாசகத்தார் யோசித்தார். அவர் கல் நெஞ்சுக்காரர் அல்ல. குழந்தை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவர்தான். ஆனால் அலுவலகத்தில் ‘தலைமை வாசக அலுவலர்’ பதவி காலியாக இருந்தது. அவர் பெயர் பரிசீலனையில் இருந்தது. நாட்டுக்கெல்லாம் பலகை எழுதுகிறவர் தன் வீட்டுப் படிக்குக் கதவு போட்டார் என்று வெளியே தெரிந்தால் துறையின் மானம் என்ன ஆகும்? சமையல்காரர் வீட்டில் அடுப்பே பற்றவைக்காமல் வெளியில் வாங்கிச் சாப்பிட்ட கதையாகாதா?

மறுநாள் காணொளிக் கூட்டத்தில் விஷயத்தைத் துணை இயக்குநர் முன் வைத்தார். துணை இயக்குநருக்குக் கேமராவைத் திருப்பத் தெரியாது. திரையில் எப்போதும் அவருடைய நெற்றி மட்டும் தெரியும். துறையின் முக்கிய முடிவுகள் அனைத்தையும் அந்த நெற்றிதான் எடுத்து வந்தது.

“கதவு போட்றாதீங்க!” என்றது நெற்றி பதறிப்போய். “இன்னைக்கு உங்க வீட்டுல கதவு. நாளைக்கு ஒருத்தன் கிளம்பி வந்து பள்ளத்தை மூடச் சொல்லுவான். அப்புறம் நம்ம கதி?”

“அதான் சார், அதே சிந்தனைதான் எனக்கும்.”

“இதை ஒரு வாய்ப்பா எடுத்துக்கலாம். ‘பலகைகளால் பாதுகாக்கப்பட்ட மாதிரி இல்லம்.’ எப்படி இருக்கு?”

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னதால் கேட்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு. பயனாளிக்கு எந்த மொழி தெரியும்?” என்றார் துணை இயக்குநர்.

“ரெண்டு சொல் பேசுறா சார். ஒண்ணு ‘ம்மா’. இன்னொண்ணு ‘ப்பூ’.”

“ப்பூன்னா?”

“சூடானதை ஊதிக் காட்டினோம். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் ப்பூங்கிறா. ‘அபாயம்’னு எடுத்துக்கலாம் சார்.”

“பிரமாதம்! பயனாளியோட மொழியிலேயே பேசணும். ப்பூவைச் சேர்த்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து பார்க்கிறேன்.”

வாசகம் அன்றே தயாரானது. ‘படி உள்ளது’ என்று தொடங்கினால் யாரோ புத்தகம் படிக்கச் சொல்கிறார்கள் என்று பயனாளி நினைத்துக்கொள்ளலாம் என ஓர் ஆட்சேபம் வந்தது. ஆகையால் இறுதி வடிவம் இப்படி அமைந்தது: ‘ப்பூ! பார்த்துத் தவழவும். படிக்கட்டு உள்ளது.’

வெள்ளிக்கிழமை துறை வண்டியில் பலகைகள் வந்து இறங்கின. வீட்டுக்கென்று தனி அளவு விதிகளில் இல்லாததால், தெருவுக்குரிய அதே அளவில் செய்திருந்தார்கள். கனமான ஒட்டுப்பலகை, ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், நான்கு மூலையிலும் திருகாணி போடத் துளை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம். ஓரத்தில் துறையின் சின்னமான ‘விழும் மனிதர்’ சிவப்பில், கை கால்களைப் பரப்பிக்கொண்டு, தலைகீழாக.

குழந்தையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் தரையை ஒட்டிச் சுவரில் சாய்த்து, ஒட்டு நாடாவால் ஒட்டினார் வாசகத்தார். சுவரில் மின்செருகி மாட்டும் துளைகளுக்கு அருகே ஒன்று. அடுக்களை அலமாரிக்கு ஒன்று. குளியலறை வாளிக்கு ஒன்று. அதில் ‘நீர்நிலை’ என்று எழுதியிருந்தது. படிக்கட்டின் மேல்முனையில், சுவரை ஒட்டி, எல்லாவற்றையும்விடப் பளபளப்பான ஒன்று.

மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“இதையெல்லாம் யாரு படிக்கணும்?”

“பயனாளிதான்.”

“பயனாளிக்கு இப்பத்தாங்க ரெண்டாவது பல்லு முளைக்குது.”

“இங்க பாரும்மா. அவ படிக்கிறாளா இல்லையாங்கிறது ரெண்டாவது விஷயம். நாம சொல்லியாச்சு. அதுதான் முக்கியம்.”

“நான் நாள் பூரா ஆளுங்களை எழுத்து படிக்க வைக்கிறவ. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிட்டு, எழுந்து போறப்போ வாசல் நிலையில நங்குன்னு இடிச்சிட்டுப் போறாங்க. படிக்கிறதுக்கும் பார்த்து நடக்கிறதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

வாசகத்தார் பெருந்தன்மையோடு சிரித்தார். கொள்கை வகுப்பவர்கள் வீட்டில் இப்படித்தான் கேள்விகள் வரும்.

குழந்தையைத் தரையில் விட்டதும் பலகைகளின் வலிமை உடனே தெரிந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டில் மின்செருகித் துளை என்றொன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மஞ்சளைக் கண்டதும் விருட்டென்று அங்கே போயிற்று. விழும் மனிதரைத் தட்டித் தட்டிச் சிரித்தது. “ப்பூ!” என்றது. பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன, விரலை நீட்டியது. மனைவி ஓடிப்போய்த் தூக்கினாள். இறக்கி விட்டதும் அடுத்த மஞ்சள்: அடுக்களை அலமாரி. அடுத்த மஞ்சள்: நீர்நிலை. அதற்கும் அடுத்தது படிக்கட்டு.

‘பயனாளி ஒரு பலகையையும் விடாமல் நேரில் சென்று பார்வையிட்டார்’ என்று வாசகத்தார் அலுவலகக் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

“ஏங்க, உங்களுக்கு இது தெரியுதா இல்லையா?” என்றாள் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. “அன்னைக்கு அவ படிக்குப் போனது தற்செயல். இப்போ நீங்க விலாசம் எழுதிக் கூப்பிட்டிருக்கீங்க. வீட்டுல ஆபத்து எங்கெங்க இருக்குன்னு தேடவே வேணாம், மஞ்சளைப் பார்த்துப் போனா போதும்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அவர் வந்துட்டுப் போகட்டும்.”

“போனதும் கதவு?”

“போனதும் பேசுவோம்.”

அதன் பிறகு அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஒற்றைக் கையால் சமைத்தாள், ஒற்றைக் கையால் பெருக்கினாள். வேலைக்கு உடுத்த எடுத்து வைத்திருந்த புடவையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை அலமாரிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டாள். வாசகத்தார் அதைக் கவனித்தார். திங்கட்கிழமைக்கு வேறு புடவை எடுக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணை இயக்குநர் வந்தார். நெற்றிக்குக் கீழேயும் அவருக்கு முகம் இருந்தது. நல்ல இஸ்திரி போட்ட கால்சட்டையும் இருந்தது. கூடத்துக்கு வந்தவர் இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

“இங்கிருந்து பார்த்தா சரியா வராது. இப்பெல்லாம் ‘பயனாளி மைய அணுகுமுறை’ன்னு ஒண்ணு வந்திருக்கு. பயனாளி எந்த உயரத்துல இருந்து பார்க்கிறாரோ அந்த உயரத்துல இருந்து நாமும் பார்க்கணும்.”

இப்படிச் சொல்லிவிட்டு அவர் முழங்காலிட்டுத் தவழ ஆரம்பித்தார். மேலதிகாரி தவழும்போது நிற்பது மரியாதை இல்லை என்பதால் வாசகத்தாரும் தவழ்ந்தார். குழந்தைக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த வீட்டில் புத்தி உள்ளவர்கள் இரண்டு பேராவது வந்து சேர்ந்தார்களே என்று கத்திச் சிரித்தபடி அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது.

“தேநீர் போடணும். ரெண்டு நிமிஷம் இவளைப் பார்த்துக்கோங்க” என்றாள் மனைவி.

“நாங்க ரெண்டு பெரிய மனுஷங்க இருக்கோம். நீ போம்மா” என்றார் வாசகத்தார், தரையிலிருந்து.

மூன்று பேரும் சேர்ந்து தவழ்ந்து மின்செருகிப் பலகையைப் பார்வையிட்டார்கள். ‘நீர்நிலை’ என்ற சொல்லாட்சியைத் துணை இயக்குநர் வாய்விட்டுப் பாராட்டினார். அப்படியே படிக்கட்டுப் பலகைக்கு முன்னால் வந்து, “இதுல ஆச்சரியக்குறி ஒண்ணு போதுமா, ரெண்டு போடலாமா?” என்று கேட்டுக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாசகத்தார் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். குழந்தை இருவருக்கும் நடுவில் புகுந்து பலகையை நோக்கிப் போயிற்று.

வாசகத்தாரின் கை தானாக நீண்டது.

“தொடாதீங்க!” என்றார் துணை இயக்குநர் ரகசியக் குரலில். “இதுதான் உண்மையான கள ஆய்வு. பலகை வேலை செய்யுதா இல்லையான்னு இப்போ தெரிஞ்சிடும்.”

நீண்ட கையை வாசகத்தார் மடக்கிக்கொண்டார். ஆமாம், மடக்கிக்கொண்டார். மடக்கிய கையை மடியில் வைத்து, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை விழும் மனிதரைத் தட்டியது. “ப்பூ!” என்றது.

“படிச்சிட்டா! படிச்சிட்டாய்யா!” என்று துணை இயக்குநர் கைதட்டினார்.

கைதட்டலுக்குத் திரும்பிய குழந்தை, பலகைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. இரண்டு பேரையும் பார்த்து இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. பிறகு வலது கையைத் தூக்கிக் காற்றின் மேல் வைத்தது.

தட்டும் கண்ணாடிக் கோப்பைகளும் விழுந்து உடையும் சத்தம்தான் முதலில் கேட்டது. அடுத்த நொடி மனைவி தரையில் குப்புறக் கிடந்தாள். அவள் கைக்குள் குழந்தையின் ஒற்றைக் கணுக்கால் இருந்தது. குழந்தையின் மற்ற பாகம் முழுவதும் படிக்கட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, பலகையில் இருக்கும் மனிதரைப் போலவே.

வாசகத்தார் இருந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டியிருக்கும். அவருக்கு அது தெரிந்தது. அவள் பாய்ந்தது அடுக்களை வாசலிலிருந்து என்பதும் தெரிந்தது.

அவள் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைத் தடவி, கையைத் தடவி, காலைத் தடவி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கணவனிடம் நீட்டினாள்.

“பிடிங்க. இப்பவாவது.”

அவர் பிடித்துக்கொண்டார். குழந்தை கனத்தது. இவ்வளவு கனம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ‘என் பொண்ணு விழுறதை நான் உட்கார்ந்து பார்த்தேனே’ என்று அவர் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்கு மரியாதையான வாசகம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவள் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளினாள். பின்பக்கம் போய், துணி உலர்த்தும் நைலான் கயிற்றை அவிழ்த்துக் கொண்டு வந்தாள். மின்செருகிப் பலகையைச் சுவரிலிருந்து பிய்த்தாள். அலமாரிப் பலகையைப் பிய்த்தாள். நீர்நிலையையும் பிய்த்தாள்.

“இது துறைச் சொத்தும்மா!” என்றார் துணை இயக்குநர் எழுந்து.

“அப்படியா சார்? நல்லா கனமா இருக்கு.”

படியின் மேல்முனையில் பலகைகளைக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாள். துளைகளில் கயிற்றைக் கோத்து இரண்டு பக்கக் கைப்பிடிக் கம்பியோடும் சேர்த்து இறுக்கினாள். காலால் மிதித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். கடைசியாகப் படிக்கட்டுப் பலகையையும் எடுத்து மேலே கட்டினாள். தெருவுக்குரிய அளவு, படிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்துவிட்டது. துறையின் தொலைநோக்கை என்னவென்று புகழ்வது!

“வாசகம் தலைகீழா இருக்கே!” என்றார் துணை இயக்குநர், மனம் பொறுக்காமல்.

“அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று அவர் வாசகத்தாரைப் பார்த்தார். வாசகத்தார் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார்.

குழந்தையை இறக்கி விட்டார்கள். அது நேரே மஞ்சளுக்குப் போயிற்று. தள்ளிப் பார்த்தது. அசையவில்லை. தலையால் முட்டியது. அசையவில்லை. உட்கார்ந்து, கையை உதறி, முகம் சிவக்கச் சிவக்க அழுதது. அப்படி ஓர் இனிய அழுகையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆய்வு முடிந்ததும் ஒரு சிறிய சிக்கல் எழுந்தது. துணை இயக்குநர் வீட்டுக்குப் போக வேண்டும். பலகைகளுக்கு இந்தப் பக்கம் அவர் இருந்தார். அந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தது.

“இதுல நான் எப்படிப் போறது?”

“காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்க சார்” என்றாள் மனைவி. “பார்த்துப் போங்க. படி இருக்கு.”

அவர் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். அடுத்த கால் வருவதற்கு முன் கால்சட்டை பலகை முனையில் மாட்டிக்கொண்டது. துறையின் இரண்டாம் பெரிய அதிகாரி துறையின் பலகை மேல் குதிரைச் சவாரிக்காரர் போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு “ப்பூ” என்றது.

திங்கட்கிழமை காலை மனைவி அலமாரியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள். பலகைகளைத் தாண்டி இறங்குவதற்கு முன்னால் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கணவனையும் ஒருமுறை பார்த்தாள்.

“கூட்டம் இருந்தாலும் கண்ணு இவ மேல இருக்கட்டும்.”

“இருக்கும்” என்றார் அவர்.

கூட்டம் தொடங்கியபோது வாசகத்தார் தரையில், பலகைகளுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. திரையில் நெற்றி ஒளிர்ந்தது.

“ஒரு மகிழ்ச்சியான செய்தி” என்றார் துணை இயக்குநர். “மாதிரி இல்லத்தை நேர்ல போய்ப் பார்த்தேன். நம்ம பலகை ஒரு குழந்தையைப் படியில விழாம தடுத்து நிறுத்திருக்கு. என் கண்ணால பார்த்தேன். இதை ஆண்டறிக்கையில முதல் பக்கத்துல போடுறோம். நம்ம வாசகத்தாரைத் தலைமை வாசக அலுவலரா அறிவிக்கிறதுலயும் எனக்கு ஆட்சேபணை இல்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“உங்க வாயால ஒரு வார்த்தை உறுதிப்படுத்திடுங்க. குழந்தை வாசகத்தைப் படிச்சுட்டு நின்னதுன்னு.”

வாசகத்தாரின் வாய் ‘ஆமாம் சார்’ என்று சொல்வதற்குத்தான் திறந்தது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லித்தான் அவர் இத்தனை காலம் சம்பளம் வாங்கினார். அப்போது குழந்தை பிடி வழுக்கிப் பின்னால் சாய்ந்தது. அவர் கை போய்ப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

“இல்ல சார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கட்டி வச்சதால நின்னா.”

நெற்றியில் மூன்று கோடுகள் விழுந்தன. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

“சரி, போகட்டும். குழந்தை வேணாம்” என்றார் துணை இயக்குநர், விட்டுக்கொடுக்கும் குரலில். “அறிக்கைக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதானே? நம்ம பலகையைப் படிச்சதால விழாம தப்பிச்சவங்க வேற யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க. நாடு பூரா வச்சிருக்கோம். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க?”

வாசகத்தார் யோசித்தார். உண்மையாகவே, மனசறிந்து, தான் எழுதிய ஒவ்வொரு பலகையாக நினைத்துப் பார்த்து யோசித்தார்.

“படிச்சவங்க எல்லாரும் விழுந்துட்டாங்க சார்” என்றார்.